வண்டி வந்துருமுங்க

என் வீட்டுக்காரர் நன்றாகப் பொய் சொல்லுவார். குறையாகச் சொல்லவில்லை. அவருடைய தொழிலுக்கு முதலீடே அதுதான். சங்ககிரியில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். ஒரு மேசை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சாமி படம், ஓயாமல் அடிக்கும் இரண்டு போன்கள். சரக்கு வைத்திருப்பவருக்கு லாரி பிடித்துக் கொடுக்க வேண்டும், லாரி வைத்திருப்பவருக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டும். நடுவில் அவரிடம் இருந்தது வாய் மட்டும்தான்.

சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர் போனில் கத்துவார். "மூட்டை எல்லாம் கட்டி வெச்சாச்சு, ஆளுக சும்மா உக்காந்திருக்கறாங்க, வண்டி எங்கீங்க?" லாரி அப்போது கரூரில் பஞ்சர் கடையில் நின்றுகொண்டிருக்கும். இவர் பதறவே மாட்டார். நாற்காலியில் சாய்ந்து, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, "வண்டி வந்துருமுங்க" என்பார். "பரமத்தி தாண்டிருச்சுங்க. டிரைவர் டீ குடிக்க நிறுத்தியிருக்கறாப்ல. இருங்க, டீக்கடை போர்டு கூடத் தெரியுதுன்னு சொல்றாப்ல." எதிர்முனை சமாதானமாகிவிடும். கடையின் பெயர் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பார்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். இரண்டும் இரண்டும் நான்கு என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவள். கல்யாணமான புதிதில் ஆபீசுக்குப் போய் இதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தேன். அவர் சிரித்தார். "பொய்யில்லீங்க டீச்சரம்மா. வண்டி வரத்தானே போவுது? நான் கொஞ்சம் முன்னாடி சொல்றேன், அவ்வளவுதான்" என்றார். சண்டையில் அவரை நான் ஒரு நாளும் ஜெயித்ததில்லை.

வீட்டிலும் அதே கதைதான். நாற்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. இனிப்பைக் கண்ணில் காட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் மட்டும்தான் காதில் வாங்கினேன். மாலையில் மீசையில் லட்டுத் துணுக்கோடு வந்து நிற்பார். "ஏனுங்க, என்ன தின்னீங்க?" என்று கேட்பேன். "நானா? ஒண்ணும் திங்கலியே" என்பார், அதே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு. மீசையைத் தொட்டுக் காட்டினால், "யாரோ தும்முனாங்க புள்ள" என்பார். கோபம் வரும். கூடவே சிரிப்பும் வந்துவிடும். அப்புறம் எங்கே கண்டிப்பது?

அந்தக் குரலுக்கு வருஷத்தில் ஒரு நாள் ஊரே காத்திருக்கும். எங்கள் பங்காளிகளுக்கென்று ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. மாசித் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்திய சேலைகளை மஞ்சள் நீராட்டு அன்று கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். பாதிக்கு மேல், பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் நெய்த சேலைகளாக இருக்கும். கடையில் வாங்கும் விலையைவிட எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது எங்கள் வழக்கம். அந்தச் சேலையை வீட்டில் ஒரு நல்ல காரியத்துக்குக் கட்டுவார்கள். சேர்ந்த பணத்தில் அந்த வருஷம் என்ன செய்வது என்று திருவிழாவுக்கு முன்பே பங்காளிகள் கூடிப் பேசி வைப்பார்கள். ஏலம் விடுவது எப்போதும் இவர்தான். மைக்கைப் பிடித்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். "ஒரு தரம்... அம்மன் சேலைங்க, யோசிக்காதீங்க... ரெண்டு தரம்... போவுது, போவுது... மூணு தரம்!" மூன்றாவது தரத்துக்கு முன்னால் அவர் விடுகிற இடைவெளியில், கேட்க நினைக்காதவன்கூடக் கை தூக்கிவிடுவான். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்கென்ன என்ற முகத்தோடு நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் எவ்வளவு பெருமை என்பதை அவரிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பார்.

அவருக்குப் பேச்சு போன நாளை இன்றைக்கும் என்னால் சரியாக அடுக்க முடியவில்லை. ஏனென்றால், போனது யாருக்கும் தெரியவில்லை. காலையில் ஆபீசுக்குப் போனார். ஆலைக்காரர் போன் செய்து வண்டியைக் கேட்டிருக்கிறார். "வண்டி வந்துருமுங்க" என்றாராம். இன்னொருவர் வாடகை கேட்டிருக்கிறார். "வண்டி வந்துருமுங்க." வழக்கம்போல நழுவுகிறார் என்று அவர் போனை வைத்துவிட்டார். டீக்கடைக்காரர் வந்து, "சீனி இல்லாமத்தானுங்களே?" என்று கேட்டதற்கும் "வண்டி வந்துருமுங்க" என்றிருக்கிறார். கிண்டல் செய்கிறார் என்று அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மதியம் நான் போன் செய்தேன். "சாப்பிட வாரீங்களா, இல்லியா?" "வண்டி வந்துருமுங்க." சோற்றுக்குமா இந்தப் பேச்சு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உலகத்தில் வேறு எந்த ஊரிலும், வேறு எந்தத் தொழிலிலும், ஒரு மனிதன் இப்படி ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் அரை நாழிகையில் கண்டுபிடித்திருப்பார்கள். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசில் அது சாதாரணப் பேச்சு. மதியத்துக்கு மேல் வந்த ஒரு டிரைவர்தான், டீ குடிக்காமல் ஆறிக் கிடப்பதையும், இவருடைய வலது கை மேசையிலிருந்து தொங்குவதையும் பார்த்திருக்கிறார். அவரே காரைப் பிடித்து சேலத்துக்குக் கொண்டுபோனார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கை கால் தேறியது. பேச்சு தேறவில்லை. இதற்குப் பெயர் அஃபேசியா என்றார்கள். புத்தி அப்படியே இருக்கும், சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கும், அதற்கான சொல் மட்டும் வாய்க்கு வந்து சேராது. எதைச் சொல்ல நினைத்தாலும், இடித்துப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு வாக்கியம்தான் வரும். தண்ணீர் வேண்டுமென்றால் "வண்டி வந்துருமுங்க." முதுகு வலித்தால் "வண்டி வந்துருமுங்க." தவறாகச் சொல்கிறோம் என்பது அவருக்கே தெரியும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு, தலையில் அடித்துக்கொள்வார்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் செவிடரிடம் பேசுவதுபோலக் காதில் கத்தினார்கள். சிலர் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். சித்தம் கலங்கிவிட்டதா என்று என்னை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்டார்கள். அவர் அத்தனையையும் கேட்டுக்கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார். எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை. அந்த நாட்களில் எனக்கு வாய் நீண்டது. வீட்டில் இருந்த இரண்டு வாய்க்கும் நான் ஒருத்தியே பேச வேண்டியிருந்தது.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. பொய்க்கு ஏங்குவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். ஏங்கினேன். மாலையில் கதவு திறக்கும் சத்தத்தோடு வரும் ஒரு புளுகுக்காக, மீசைத் துணுக்குக்கு அவர் சொல்லும் காரணத்துக்காக ஏங்கினேன். பொய் சொல்ல எவ்வளவு சொற்கள் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பேச்சுப் பயிற்சிக்கு சேலம் போகச் சொன்னார்கள். சூரமங்கலத்தில், ஜங்ஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு மாடி அறையில் அந்தப் பெண் இருந்தாள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அதே தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். படித்தது பேச்சுப் பயிற்சி. பாதி நாள் ஒரு கல்லூரியின் உதவித்தொகையில் ஆராய்ச்சி, மீதி நாள் எங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி. என் கடைசி வருஷத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாகத் தெரிந்தாள். எனக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை.

முதல் நாள் ஒரு படக்கட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். பனியில் செய்த பொம்மை. முள்கரண்டி. ஏதோ ஒரு மாதிரிக் கப்பல். ஒட்டகச்சிவிங்கி. அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"ஏம்மா, இவரு நல்லா இருந்தப்பவே இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டாருங்க. தார்ப்பாய் காட்டு, ஜாக்கி காட்டு. ஒட்டகச்சிவிங்கி இவரை எப்ப வாடகைக்குக் கூப்பிட்டுது?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. படங்களை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதைத்தான் டீச்சர் நானும் எங்க சார்கிட்ட சண்டை போட்டுட்டு இருக்கேன்" என்றாள். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அவளுடைய ஆராய்ச்சி அதுதான். எங்கோ செய்த படங்களையும் எங்கோ பேசும் தமிழையும் வைத்துப் பயிற்சி கொடுக்காமல், இந்தப் பக்கத்து ஆட்கள் பேசும் பேச்சிலேயே, வாய்க்கு ஏற்கெனவே பழகிக் கிடக்கும் தொடர்களிலிருந்தே தொடங்கினால் என்ன ஆகும்? இவரிடம் மிச்சமிருந்த அந்த ஒரு வாக்கியத்தைக் குறையாகப் பார்க்காமல் அதையே பிடித்துக்கொண்டாள். வண்டியின் படத்தைக் காட்டி, "வண்டி வந்துருமுங்க" என்று இருவருமாகச் சொன்னார்கள். பிறகு டீ கிளாஸைத் தூக்கிக் காட்டி, அதே ராகத்தில், "டீ வந்துருமுங்க" என்றாள். வாரக்கணக்கில் இதே வேலை. ஒரு நாள் அவர் "டீ..." என்று மட்டும் சொல்லி நின்றார். அந்த மாடி அறையில் நாங்கள் மூன்று பேரும் சத்தம் போட்ட சத்தத்துக்கு, கீழே கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் இனிக்கிறது. காலையில் பஸ் ஏறி, ஜன்னல் ஓரம் அவருக்கு, பக்கத்தில் எனக்கு. வழியில் எதிரே வரும் ஒவ்வொரு லாரியையும் அவர் தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பயிற்சி முடிந்ததும் அந்தப் பெண்ணின் அத்தா கடைப் பையனிடம் டீ கொடுத்தனுப்புவார். நோன்பு மாதத்தில் அவளும் அத்தாவும் குடிக்க மாட்டார்கள், ஆனால் எங்களுக்கு டீ தவறாது. இவர் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, "டீ" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்.

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அவள் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. யோசனை நன்றாக இருக்கிறது, முதலில் கொஞ்சம் பேரிடம் செய்துபார்த்து முடிவைக் காட்டினால் பரிசீலிப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். "முடிவு காட்டினாத்தான் பணம் வருமாம் டீச்சர். பணம் இருந்தாத்தான் முடிவு வரும்" என்று சிரித்தாள். பங்குனியோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. அதற்குப் பிறகு சென்னையில் காது மிஷின் விற்கும் கடையில் வேலை காத்திருக்கிறது. அவள் போய்விட்டால் அந்த 'டீ' அங்கேயே நின்றுவிடும். அவரைப் போல அந்த மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்த மற்றவர்களுக்கும் அதே கதிதான்.

இது எவ்வளவு நிச்சயமாகப் பலிக்கும் என்று கேட்டேன். கணக்கு டீச்சர் இல்லையா.

"பலிக்காமலும் போகலாம் டீச்சர். கொஞ்சம் பேருக்குப் பழைய முறை, கொஞ்சம் பேருக்குப் புது முறைன்னு குலுக்கிப் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும். பலிக்கலைன்னா, பலிக்கலைன்னு தெரிஞ்சுக்கறதுக்கும் பணம் வேணும்" என்றாள்.

மாசித் திருவிழாவுக்கு முன் பங்காளிகள் கூடியபோது நான் போய் நின்றேன். அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. கோயில் தலைவர் இவருக்குப் பங்காளித் தம்பி, சின்ன வயதில் இவரோடேயே திரிந்தவர். "உக்காருங்க அண்ணி" என்றார். உட்காராமலே சொன்னேன். இந்த வருஷத்துச் சேலை ஏலத்துப் பணத்தை இந்த ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். பலிக்குமா பலிக்காதா என்பது தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். என் வீட்டுக்காரர் மாதிரிப் பொய் சொல்லும் வரம் எனக்கு இல்லையே.

"பலிக்குமான்னே தெரியாதுன்னா எதுக்குங்க அண்ணி பணத்தைக் கொட்டறது?" என்றார் தலைவர்.

"நீங்க காட்டுல போர் போட்டப்ப, தண்ணி வருமுன்னு எழுதி வாங்கிட்டா போட்டீங்க? வெறும் புழுதியாப் போன குழி எத்தனை? அடுத்த குழி போடாம இருந்தீங்களா?" என்றேன்.

கூட்டத்தில் பாதிப் பேர் தலையைக் குனிந்தார்கள். வறண்ட ஆழ்குழாய்க் கிணறு இல்லாத தோட்டம் எங்கள் பக்கத்தில் ஏது? ஒருவர் சிரித்தார். இத்தனை வருஷம் கோயிலுக்கு ஏலம் விட்ட மனிதர் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை, கொடுக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். அப்படியே முடிவானது.

மஞ்சள் நீராட்டு அன்று அந்தப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தோம். தலையில் முக்காட்டோடு வந்து, வாசலுக்கு வெளியே பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஏலம் விட இன்னொரு பங்காளியின் மகனை நிறுத்தியிருந்தார்கள். பாவம், அவன் மைக்கைப் பிடித்திருந்த விதமே சரியில்லை. "ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்" என்று ஒரே மூச்சில் பஸ் கண்டக்டர்போலச் சொல்லி முடித்துவிடுகிறான். யாரும் கை தூக்குவதற்குள் சேலை போய்விடுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இவருக்கு உடம்பு கொதிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மூன்றாவது சேலைக்கு எழுந்தார். போய் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

நான் சாமியைக் கும்பிட்டது அந்த ஒரு நொடிதான். வாயைத் திறந்தால் அந்த வாக்கியம் வந்துவிடுமே, இத்தனை சனத்துக்கு நடுவில் மானம் போய்விடுமே என்று பதறினேன்.

"ஒரு தரம்..." என்றார்.

கோயிலே திரும்பிப் பார்த்தது.

"அம்மன் சேலைங்க, யோசிக்காதீங்க... ரெண்டு தரம்..." அதே குரல். அதே இழுப்பு. "போவுது, போவுது..." அதே இடைவெளி. நாலாபக்கமும் கைகள் எழுந்தன. "மூணு தரம்!"

அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண்களும் அழுதார்கள். கூட்டத்தில் தொகை கேட்கக் கேட்க அந்தப் பையன் அதை எடுத்துச் சொல்ல, இவர் தரம் சொல்ல, சேலைகள் எந்த வருஷமும் போகாத விலைக்குப் போயின. நான் எழுந்து பந்தலைப் பார்த்தேன். அந்தப் பெண் கைதட்டவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் அவள் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. வருஷக்கணக்காக உருப்போட்டது தானாக வரும் டீச்சர், வாய்ப்பாடு மாதிரி, சாமி பாட்டு மாதிரி. அது பேச்சு இல்லை. புதுசாக ஒரு சொல்லை நினைத்து எடுக்கிறாரே, அதுதான் பேச்சு.

கடைசிச் சேலை முடிந்ததும் தலைவர் மைக்கை வாங்கினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. உண்மையான சந்தோஷம், அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். "அண்ணனை ஆத்தா பேச வெச்சுட்டா! நம்ம கண்ணு முன்னாலயே பேச வெச்சுட்டா! இனி ஆராய்ச்சி எதுக்குங்க? டாக்டர் பொண்ணு தப்பா நெனச்சுக்கக் கூடாது. இந்தப் பணத்துல ஆத்தாளுக்கு வெள்ளிக் கவசம் செஞ்சு போட்டுருவோம். என்னங்க சொல்றீங்க?" என்றார். கூட்டம் ஒரே குரலில் சரி என்றது.

நான் முன்னால் போனேன். "அவருக்கு இன்னும் நல்லாகலீங்க. ஏலம் மட்டும்தான் வரும். தண்ணி கேக்க வராது" என்றேன்.

"என்னங்க அண்ணி, காதாலதானே கேட்டோம். அண்ணன் கணீர்னு பேசறாரு, நீங்க இல்லீங்கறீங்க. ஆத்தா குடுத்ததை இல்லைன்னு சொல்லாதீங்க" என்றார் தலைவர். பின்னாலிருந்து ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். கத்தினேன். கரும்பலகையில் போட்டுக் காட்டுவதுபோல விளக்கினேன். என்னுடைய அத்தனை சொற்களும் இருந்தன, ஒன்றும் வேலைக்காகவில்லை. ஆபீசில் ஒரு பகல் முழுவதும் நடந்தது மறுபடியும் நடந்துகொண்டிருந்தது. பழகிய குரலைக் கேட்டதும் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

பந்தலில் அந்தப் பெண் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அப்போது அவர் மறுபடியும் மைக்குக்குக் கை நீட்டினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துத் தலைவர் மகிழ்ச்சியோடு கொடுத்தார். இவர் தன் கையிலிருந்த கடைசிச் சேலையைத் தூக்கிக் காட்டினார். அது என்ன என்று சொல்ல முயன்றார். உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

"வண்டி வந்துருமுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பழைய வேடிக்கைக்காரர் திரும்பிவிட்டார் என்ற சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. தலைவரின் தோளில் கை வைத்தார். சின்ன வயதிலிருந்து கூடவே திரிந்த தம்பியின் பெயரைச் சொல்ல முயன்றார். "வண்டி... வண்டி வந்துருமுங்க." சிரிப்பு பாதியாகக் குறைந்தது. கோபுரத்தைக் காட்டினார். "வண்டி வந்துருமுங்க." பிறகு என்னைக் காட்டினார். அவர் என் பெயரைத் தேடுவதைக் கண்ணால் பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. ஸ்பீக்கரில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் மெதுவாக, மிகவும் மெதுவாக, "வண்டி... வந்துருமுங்க" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஊரில் தன் வாயைத் தவிர வேறு பெருமையே இல்லாத மனிதர், எந்த இடத்தில் அது உச்சத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே, இல்லை என்று காட்டிவிட்டார். சற்று முன் கிடைத்த கைதட்டலோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆயுள் முழுக்க எதையும் சமாளித்தே பழகியவர் அன்றைக்கு ஒன்றையும் சமாளிக்கவில்லை. பந்தல் பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணை நோக்கிக் கை கூப்பினார்.

தலைவர் மைக்கை வாங்கவில்லை. வெறும் வாயால், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, "முன்னே பேசுனபடியே குடுத்துருவோம்" என்றார். அப்புறம் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பங்குனியில் அவள் சென்னைக்குப் போகவில்லை. கூட இன்னொரு பெண்ணையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். புதிய படங்கள் வரைந்தார்கள். தார்ப்பாய், தறி, மரவள்ளிக்கிழங்கு, கோழிப்பண்ணை, டவுன் பஸ். பரமத்திப் பக்கத்துப் பேச்சு, ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு என்று தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். குலுக்கலில் எங்களுக்குப் புது முறை விழுந்தது. விழாமல் போயிருந்தாலும் சண்டை போடுவதில்லை என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். காப்பாற்றியிருப்பேனா என்பது வேறு விஷயம். சிலருக்குத் தேறுகிறது. சிலருக்கு ஒன்றுமில்லை. பழைய முறையிலும் ஒருவர் நன்றாகத் தேறியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. வரும்போது எங்கள் பக்கம் வரும் என்றும் சொல்ல முடியாது. நான் இப்போது அதைக் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து மைசூர்பாகு வந்தது. டப்பாவைச் சமையலறை மேல்தட்டில் வைத்துவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனேன். இறங்கி வந்து பார்த்தால் டப்பாவின் மூடி திரும்பிக் கிடந்தது. அவர் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மீசையில் நெய்யும் துணுக்கும் மினுங்கின.

"ஏனுங்க, என்ன தின்னீங்க?" என்று கேட்டேன். பழக்கத்தில் கேட்டதுதான். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா?

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல உத்தரத்தைப் பார்த்தார். உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது.

"நா..." என்றார். "நா... ஒண்ணும்... திங்கல."

ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். அந்தப் பெண்ணின் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

"பொய் சொல்லிட்டாரும்மா! முழுசா ஒரு பொய் சொல்லிட்டாரு!"

"குறிச்சுக்கறேன் டீச்சர்" என்றாள். "ஒருத்தர், ஒரு தடவை சொன்னதை முடிவுன்னு சொல்ல முடியாது." சொன்ன குரல் சரியாக இல்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிடிபட்டோமா இல்லையா என்ற கவலையோடு. பக்கத்தில் போய், முந்தானையால் அவர் மீசையைத் துடைத்தேன்.

"நம்பிட்டேனுங்க" என்றேன்.